கோட்டை வணிகரின் கொடிவழி தேட: எந்தச் சேவைக்குக் காசு தரலாம், எது சும்மாவே கிடைக்கும்?

கிழக்கிந்தியக் கும்பினிக் காலத்து ஆங்கிலேயர்களின் குடும்ப விவரங்களைத் தேடித் தரும் சேவைகள் இன்று நிறையவே இருக்கின்றன. சந்தா கட்டிப் பார்ப்பவை சில, தொண்டர்கள் நடத்தும் இலவசத் தளங்கள் சில. ஆவணக்காப்பகமும், நூலகங்கள் வருடி (ஸ்கேன் செய்து) வைத்த நூல்களும் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாகக் கோட்டைக்குள்ளேயே நிற்கும் தேவாலயமும் இருக்கிறது. 18, 19ஆம் நூற்றாண்டுக்காரர்களைத் தேடுபவர்களுக்கு இவை எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் உதவும். செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் முதல் ஐம்பது அறுபது ஆண்டுகளில் வந்து குடியேறிய ஒரு வணிகரைத் தேடினால் கதை வேறு. பணம் வாங்கும் சேவைகள் கையை விரிக்கும், நூறு வருடத்துக்கு முன் அச்சான இலவசப் புத்தகங்கள்தான் கைகொடுக்கும். ஆகவே சந்தாவைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள்.

இதைச் சோதித்துப் பார்க்க, சென்னைக் கவர்னராக இருந்தவரும் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்தவருமான எலிஹு யேலைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. அவர் குடும்பத்தைப் பற்றிய விடைகள் ஏற்கெனவே தெரிந்தவை என்பதால், எந்தச் சேவை எதைத் தருகிறது, எதை விழுங்குகிறது என்று எளிதாக ஒப்பிட்டுவிடலாம்.

விடைத்தாள் இதுதான். யேல் 1649இல் அமெரிக்காவின் பாஸ்டனில் பிறந்தார். அப்பா டேவிட் யேல் வணிகர், அம்மா அர்சுலா நைட். அப்பாவழிப் பாட்டி ஆன், செஸ்டர் பிஷப் ஜார்ஜ் லாய்டின் மகள். அவர் இரண்டாவதாக மணந்த தியோபிலஸ் ஈட்டன்தான் நியூ ஹேவன் குடியேற்றத்தின் கவர்னர். எலிஹுவுக்கு மூன்று வயதானபோது குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டது. 1672இல் வருடம் 10 பவுண்டு சம்பளத்தில் எழுத்தராகச் சென்னைக்கு வந்தார். 1680 நவம்பர் 4 அன்று, கவுன்சில் உறுப்பினராக இருந்து அதே ஆண்டில் இறந்த ஜோசப் ஹின்மர்ஸின் விதவை கேத்தரினை மணந்தார். குழந்தைகள் டேவிட், கேத்தரின், ஆன், அர்சுலா. டேவிட் 1688 ஜனவரியில் சிறுவனாகவே இறந்துபோனான். அப்போது யேல் கவர்னராகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. 1689இல் மனைவி கேத்தரின் மகள்களை அழைத்துக்கொண்டு இங்கிலாந்து போய்விட்டார். யேல் 1692இல் பதவி இழந்து, கணக்கு வழக்குத் தகராறில் சிக்கி 1699 வரை இங்கேயே கிடந்தார். 1721 ஜூலையில் லண்டனில் இறந்தார். அடக்கம் வேல்ஸில் உள்ள ரெக்ஸ்ஹாம் ஊரில்.

இது அதிகாரபூர்வக் குடும்பம். ஜாக்கஸ் டி பைவா என்ற போர்த்துகீசிய யூத வைர வணிகர் 1687இல் சென்னையில் இறந்த பிறகு, அவருடைய மனைவி ஹியரோனிமா யேலின் தோட்ட வீட்டில் வாழ்ந்தார். அவர்களுக்கு சார்லஸ் என்றொரு மகன். ஒரு தேடல் சேவையின் தரத்தை அளக்க ஹியரோனிமாவும் சார்லஸும்தான் சரியான அளவுகோல். அவர்களைக் கண்டுபிடித்துத் தந்தால் நல்ல சேவை. இனி ஒவ்வொன்றாக.

சந்தா தளங்கள்

லண்டனிலிருந்து இந்திய நிர்வாகத்தைக் கவனித்த இந்திய அலுவலகத்தின் ஆவணங்களை பிரிட்டிஷ் நூலகத்தோடு சேர்ந்து வருடி வைத்திருப்பது ஃபைண்ட்மைபாஸ்ட். பெயர் அட்டவணையோடு அசல் பக்கத்தின் படமும் கிடைக்கும், படங்களும் தெளிவாகவே இருக்கும். சிக்கல் வேறிடத்தில். அவர்கள் வைத்திருப்பது சென்னையிலிருந்து லண்டனுக்கு அனுப்பப்பட்ட ஞானஸ்நான, திருமண, அடக்கப் பிரதிகள். நூலகத்தில் இவை என்/2 வரிசை. இந்த வரிசை 1698இல்தான் தொடங்குகிறது. யேலின் திருமணம் 1680, மகனின் அடக்கம் 1688. இரண்டுமே வலைக்கு வெளியே. யேல் கப்பலேறுவதற்கு முந்தைய ஆண்டில்தான் பிரதிகளே ஆரம்பிக்கின்றன என்றால், அவருடைய தலைமுறைக்கு இந்தச் சந்தாவால் எவ்வளவு பயன் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வங்காளத்துக்கு 1713, பம்பாய்க்கு 1709 என்று இன்னும் தாமதம். சென்னை வரிசைதான் இருப்பதிலேயே பழையது.

அதற்காகத் தளத்தைக் குறை சொல்ல முடியாது, இல்லாத ஆவணத்தை அவர்களால் படமெடுக்க முடியாது. ஆனால் விளம்பரப் பக்கத்தில் 'இந்தியாவில் உங்கள் மூதாதையர்' என்று பார்த்ததும் சந்தா கட்டுகிறவர்கள் ஆண்டு வரம்பை முதலில் பார்க்க வேண்டும். அந்தந்தத் தொகுப்பின் விவரப் பக்கத்தில் அது இருக்கும். 1698க்குப் பிறகு சென்னையில் மணந்தவர், பிள்ளை பெற்றவர், இறந்தவர் என்றால் ஒரு மாதச் சந்தா போதும், வருடச் சந்தா தேவையில்லை. வேண்டிய பெயர்களைப் பட்டியல் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு வாரத்தில் வேலை முடிந்துவிடும்.

பிரிட்டிஷ் நூலகம் தானே நடத்திவந்த இலவசக் குடும்ப வரலாற்று அட்டவணையைப் பல வழிகாட்டிகள் இன்னும் சிபாரிசு செய்கின்றன. 2023 அக்டோபரில் அந்த நூலகத்தின் கணினிகள் தாக்கப்பட்டதில் பல இணையச் சேவைகள் முடங்கின. பழைய வழிகாட்டியில் உள்ள இணைப்பு திறக்கவில்லை என்றால் காரணம் அதுதான், உங்கள் கணினி அல்ல.

ஃபிபிஸ்

பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான சங்கம், சுருக்கமாக ஃபிபிஸ். 1998இல் தொடங்கிய பிரிட்டிஷ் தொண்டு அமைப்பு. தேடுவது இலவசம், உறுப்பினர்களுக்கு இதழும் வேறு சில வசதிகளும் உண்டு. தொண்டர்கள் பல மூலங்களிலிருந்து பெயர்களைப் படியெடுத்து ஏற்றியிருக்கிறார்கள். திருமணப் பட்டியல், கல்லறை வாசகம், கப்பல் பயணிகள், உயில் அட்டவணை, செய்தித்தாள் அறிவிப்பு எல்லாம் ஒரே தேடலில் வரும். இதன் பலம் இந்தப் பலவகை மூலங்கள்தான்.

பலவீனம் என்னவென்றால், பெரும்பாலும் கிடைப்பது படியெடுத்த வரிகள்தான், அசல் ஏட்டின் படம் அல்ல. ஒவ்வொரு பதிவின் கீழும் அது எந்த மூலத்திலிருந்து வந்தது என்ற குறிப்பு இருக்கும். பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பெயரையும் தேதியையும் மட்டும் குறித்துக்கொண்டு வந்தால் பாதி வேலைதான் ஆனது. மூலக் குறிப்பையும் எழுதிக்கொண்டு அந்த மூலத்தைத் திறந்து பார்க்க வேண்டும். மூலத்தில் சாட்சிகள் பெயர், பாதிரியார் பெயர், மணமகளின் முதல் கணவர் பெயர் என்று இருப்பவை அட்டவணையில் இடம் இல்லாமல் உதிர்ந்திருக்கும்.

கூடவே அவர்கள் நடத்தும் விக்கி, கும்பினி ஆவண வரிசைகளின் எண்களைப் புரிந்துகொள்ள இருப்பதிலேயே நல்ல வழிகாட்டி. ஜி/19 என்றால் செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் 'ஃபாக்டரி', அதாவது வணிக நிலைய ஏடுகள், ஈ/3 என்றால் ஆரம்பகாலக் கடிதப் போக்குவரத்து என்பதெல்லாம் தெரியாமல் லண்டன் அட்டவணையில் இறங்குவது வீண். இதற்காகவே ஃபிபிஸை முதல் நாள் திறக்கலாம்.

அச்சு நூல்கள்

உண்மையான சரக்கு இங்கேதான். செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கவுன்சிலின் நாட்குறிப்பு மற்றும் ஆலோசனை ஏடுகளை மெட்ராஸ் ஆவண அலுவலகம் 1910 முதல் ஆண்டுவாரியாக அச்சிட்டது. 1680களின் முதல் பாதிக்கு அதற்கும் முன்பே 1890களில் அச்சான தொகுதிகள் உண்டு. வருடிய பிரதிகள் இணைய ஆவணக்காப்பகத் (archive.org) தளத்தில் இலவசம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் பழைய அரசு வெளியீடுகள் நிறைய ஏறியிருக்கின்றன. இவற்றோடு ஹென்றி டேவிசன் லவ் 1913இல் வெளியிட்ட பழைய சென்னை வரலாற்றுத் தொகுதிகளையும், ஜே. ஜே. காட்டன் 1905இல் தொகுத்த கல்லறை வாசகப் பட்டியலையும் தரவிறக்கி வைத்துக்கொண்டால், யேல் தலைமுறைக்கு வேண்டியதில் பெரும்பகுதி பைசா செலவில்லாமல் கைக்கு வந்துவிடும். லவ்வின் தொகுதிகளுக்குத் தனியாக ஓர் அட்டவணைப் புத்தகம் உண்டு. அதை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் இறக்குகிறவர்கள் அதிகம், அது இல்லாமல் அந்த மூன்று தொகுதிகளில் ஓர் ஆளைத் தேடுவது தலைவலி.

வேலையை லவ்விலிருந்து தொடங்குங்கள், நாட்குறிப்பிலிருந்து வேண்டாம். அட்டவணையில் பெயரைப் பிடித்து, லவ் சொல்லும் தேதியை எடுத்துக்கொண்டு, அந்த ஆண்டின் நாட்குறிப்புத் தொகுதியில் அந்தத் தேதிக்குப் போங்கள். பிறகு அதற்கு முன்னும் பின்னும் பத்து நாள் பதிவுகளைப் படியுங்கள். கவுன்சில் ஒரு விஷயத்தை ஒரே நாளில் முடித்ததில்லை. உயில் நிறைவேற்றம், விதவையின் மனு, வீட்டு ஏலம், கப்பலில் இடம் கேட்டு விண்ணப்பம் எல்லாம் அடுத்தடுத்த கூட்டங்களில் சிதறிக் கிடக்கும்.

திருமணத்துக்குச் செயின்ட் மேரி தேவாலயத்தின் பதிவேடு. தேவாலயம் 1680 அக்டோபர் 28 அன்று அர்ப்பணிக்கப்பட்டது. ஒரு வாரம் கழித்து அங்கே நடந்த முதல் திருமணமே யேலுடையதுதான். நடத்திவைத்தவர் பாதிரியார் ரிச்சர்ட் போர்ட்மன். மணமகளைக் கைப்பிடித்துக் கொடுத்தவர் அப்போதைய கவர்னர் ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர். மாப்பிள்ளைத் தோழர், பெண் தோழியர் பெயர்களும் அந்தப் பதிவில் உண்டு. ஆரம்பகாலப் பதிவுகள் இப்படி விரிவானவை. யார் யாருக்கு நெருக்கம், எந்தக் குடும்பம் எந்தக் கோஷ்டி என்பதைத் தோழர் பட்டியலே காட்டிக்கொடுக்கும். ஆகவே உங்கள் ஆளின் திருமணத்தை மட்டும் பார்க்காமல், அவர் தோழராக நின்ற மற்றத் திருமணங்களையும் பாருங்கள்.

1640க்கும் 1680க்கும் இடையில் வந்தவர்களுக்கு இந்தப் பதிவேடும் கிடையாது. அந்த நாற்பது ஆண்டுகளில் கோட்டைக்குள் கத்தோலிக்கக் கப்புச்சின் பாதிரிமார்களின் தேவாலயம் இருந்தது. ஆங்கிலேயச் சிப்பாய்களும் சிறு வணிகர்களும் போர்த்துகீசியப் பெண்களை மணந்தபோது பலருக்கு அங்கேதான் சடங்கு நடந்தது. எனவே ஆங்கிலேயப் பதிவில் திருமணம் இல்லை என்பதை வைத்து, கல்யாணமே ஆகவில்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

பெண்களைத் தேட இன்னொரு நல்ல இடம், கோட்டைவாசிகளின் ஆண்டுப் பட்டியல்கள். கும்பினி ஊழியர், ஊழியரல்லாத வணிகர், கடலோடிகள் என்று பிரித்து எழுதிவிட்டு, விதவைகள், மணமாகாத பெண்கள் என்றும் தனித் தலைப்புகள் போட்டிருப்பார்கள். மனைவிமார் கணவரின் பெயருக்குள் மறைந்துவிடுகிற அந்தக் காலத்தில், ஒரு பெண் விதவையான பிறகுதான் சொந்தப் பெயரோடு ஏட்டில் தலைகாட்டுகிறாள். ஹியரோனிமாவும் அப்படித்தான், கணவரின் வைர வணிகம் பற்றிய குறிப்புகள் வழியாகவும் யேல் மீதான புகார்கள் வழியாகவும்தான் அவரைப் பிடிக்க முடியும். பிறப்பு, இறப்பு அட்டவணைகள் எதுவும் அவரைத் தராது. சார்லஸும் அவரும் கடைசியில் தென்னாப்பிரிக்காவின் கேப் நகரத்துக்குப் போய்விட்டதால், சென்னை ஏடுகளை மட்டும் புரட்டுகிறவர்களுக்கு அவர்கள் கதை பாதியில் அறுந்துபோகும்.

யேல் காலத்து நாட்குறிப்பில் வேறொன்றும் கிடைக்கும், வாழ்க்கை வரலாறுகள் நாசூக்காகத் தாண்டிப்போவது. ஐரோப்பா போகும் ஒவ்வொரு கப்பலிலும் குறைந்தது பத்து அடிமைகள் ஏற்ற வேண்டும் என்ற ஏற்பாடு அவர் தலைமையிலான கவுன்சிலின் காலத்தது. 1688இல் அடிமை ஏற்றுமதியைத் தடைசெய்ததும் அதே கவுன்சில்தான். இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டுகிற கட்டுரைகள் இரு தரப்பிலும் உண்டு. தொகுதி இலவசமாகத் திறந்து கிடக்கிறது, இரண்டையும் படித்துவிடலாம்.

எங்கே சறுக்கும்

முதல் சறுக்கல் ஆண்டுக் கணக்கு. 1752க்கு முன் ஆங்கிலேயருக்கு வருடம் மார்ச் 25இல்தான் பிறந்தது. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் 24 வரையிலான நாள்கள் முந்தைய ஆண்டில் சேரும். நாம் 1688 ஜனவரி என்று சொல்லும் டேவிட்டின் மரணம் அன்றைய கணக்கில் 1687. சில அச்சு நூல்கள் இரண்டையும் சேர்த்து 1687/8 என்று போடும், சில ஏதாவது ஒன்றைப் போடும். தரவுத்தளத்தில் தேடும்போது இரு பக்கமும் ஓர் ஆண்டைக் கூட்டிக்கொள்ளுங்கள். 'அப்பா இறந்த பிறகு பிள்ளை ஞானஸ்நானம்' போன்ற புதிர்கள் பல இதில்தான் அவிழும்.

அடுத்தது ஒரே பெயர்கள். இந்தக் குடும்பம் அதற்குப் பாடப்புத்தகம். அப்பா டேவிட், மகன் டேவிட். மனைவி கேத்தரின், மகள் கேத்தரின், போதாததற்கு யேலின் வணிகத்தைக் கவனித்துக்கொண்ட கேத்தரின் நிக்ஸ் என்ற மூன்றாவது பெண்மணி, கும்பினி ஊழியர் ஜான் நிக்ஸின் மனைவி. தாமஸ்கள் மூவர்: தாத்தா தாமஸ், நியூ ஹேவனிலேயே தங்கிவிட்ட சித்தப்பா தாமஸ், கும்பினி வேலையில் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) போன தம்பி தாமஸ். நியூ ஹேவன் தாமஸையும் சயாம் தாமஸையும் ஒரே ஆளாக்கி, அமெரிக்காவில் பிள்ளைகளோடு இருந்தவரை 1683இல் அயுத்தியாவுக்கு அனுப்பிவைக்கிற குடும்ப மரங்களை எளிதில் உருவாக்கிவிடலாம். தேதியும் ஊரும் இல்லாமல் எந்தத் தாமஸையும் சேர்க்காதீர்கள்.

ஆனால் இதே பெயர் மறுசுழற்சி துப்பும் ஆகும். மகன் டேவிட் தாத்தாவின் பெயர், அர்சுலா பாட்டியின் பெயர், ஆன் கொள்ளுப்பாட்டியின் பெயர், கேத்தரின் அம்மாவின் பெயர். குழந்தைகளின் பெயர்களை வரிசையாக எழுதினால் முந்தைய மூன்று தலைமுறையே கண்ணுக்கு முன் நிற்கிறது. தெரியாத ஒரு வணிகருக்கும் இந்த உத்தியைப் போட்டுப் பார்க்கலாம், ஆதாரமாக அல்ல, எங்கே தேடலாம் என்பதற்கான குறிப்பாக.

எழுத்துக்கூட்டல் அடுத்த வம்பு. ஹின்மர்ஸ் என்பதை ஐ போட்டும் ஒய் போட்டும் எழுதியிருப்பார்கள், கடைசி எஸ் இருக்கும், இல்லாமலும் போகும். பைவா என்ற பெயர் பாவியா என்றும் வரும். உயிரெழுத்தை எல்லாம் விட்டுவிட்டு மெய்யெழுத்துகளுக்கு நடுவே நட்சத்திரக் குறி போட்டுத் தேடுவது பலன் தரும். வருடிய அச்சு நூல்களில் எந்திரம் படித்த எழுத்துரை மோசம். தேடல் பெட்டியில் பெயர் கிடைக்காவிட்டால் நூலின் பின்னுள்ள அட்டவணையைக் கண்ணால் பாருங்கள்.

பதவிப் பெயர்களிலும் கவனம் வேண்டும். ஏட்டில் 'மெர்ச்சன்ட்' என்று ஒருவருக்கு முன் போட்டிருந்தால் அது கும்பினி ஊழியத்தில் ஒரு படி. எழுத்தர், ஃபாக்டர், மெர்ச்சன்ட், சீனியர் மெர்ச்சன்ட் என்று ஏறும் ஏணி அது. ஊழியத்துக்கு வெளியே தானாக வாணிபம் செய்தவரை 'ஃப்ரீ மெர்ச்சன்ட்' என்றுதான் குறிப்பார்கள். பத்துப் பவுண்டுச் சம்பளக்காரர்கள் பெரும் பணக்காரர்களாகத் திரும்பியது சொந்தக் கணக்கில் செய்த வாணிபத்தால். அந்த வரவு கும்பினியின் சம்பளப் பட்டியலில் இராது, கவுன்சில் தகராறுகளிலும் உயில்களிலும்தான் இருக்கும்.

தமிழ், தெலுங்கு வணிகர்கள்

கோட்டை வணிகரின் வாழ்க்கையில் பாதி, கூட்டாளிகளான உள்ளூர் வணிகர்களின் வாழ்க்கை. எந்தத் தரவுத்தளமும் இதற்கு உதவாது. பெயர் அட்டவணைகள் ஐரோப்பியருக்காகத் தயாரானவை. நாட்குறிப்புத் தொகுதிகளிலோ இவர்கள் கிட்டத்தட்ட ஒவ்வொரு வாரமும் வருகிறார்கள், துணி ஒப்பந்தம், விலைத் தகராறு, சாதி வழக்கு என்று.

தேட வேண்டியது அன்றைய ஆங்கிலேயரின் காதில் விழுந்த உச்சரிப்பில். கும்பினியின் தலைமை வணிகராக இருந்த காசி வீரண்ணா ஏட்டில் 'காசா வெரோனா'. அவர் 1680இல் இறந்தார், யேல் மேலே ஏறத் தொடங்கியது அதை ஒட்டிய ஆண்டுகளில். சின்ன வெங்கடாத்ரியைப் பல கோலங்களில் எழுதியிருப்பார்கள். அழகாத்த பிள்ளை, ஆலங்காத்தா பிள்ளை என்றெல்லாம் இன்று எழுதப்படும் தலைமை வணிகர் 1688இல் உருவான மாநகராட்சியின் ஆல்டர்மன்களில் (மூத்த உறுப்பினர்களில்) ஒருவர், தங்கசாலைத் தெரு ஏகாம்பரேஸ்வரர் கோயிலோடு சேர்த்துப் பேசப்படுபவர். அவர் பெயரின் முதல் பகுதியை ஏட்டில் 'அல்லிங்கால்' என்பதுபோன்ற வடிவங்களில் தேட வேண்டும். ஊர்ப் பெயர்களுக்கும் இதே விதி: கூனிமேடு 'கோனிமியர்', பரங்கிப்பேட்டை 'போர்ட்டோ நோவோ', தேவனாம்பட்டினம் 'தெக்னபட்டம்' அல்லது 'தெவெனபட்டம்'. கடலூருக்குப் பக்கத்தில் மராத்தியரிடமிருந்து 1690இல் விலைக்கு வாங்கிய அந்தக் கோட்டைக்குத்தான் செயின்ட் டேவிட் என்று பெயர் வைத்தார்கள். பீரங்கிக் குண்டு போய் விழும் தொலைவு வரையுள்ள ஊர்களும் விற்பனையில் அடக்கம். கடலூரில் 'குண்டு கிராமங்கள்' என்ற பேச்சு அதனால் வந்தது.

மாநகராட்சி பற்றிச் சொல்லும்போது ஒரு தகவல். அதன் முதல் மேயர் நதானியேல் ஹிக்கின்சன், பிறகு யேலை அகற்றிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர், அவரும் கனெக்டிகட்டில் பிறந்தவர். நியூ இங்கிலாந்தில் பிறந்த இரண்டு பேர் அடுத்தடுத்துச் சென்னைக் கவர்னர்கள். இவரும் 1692இல் சென்னையிலேயே மணந்தவர் என்பதால், யேலுக்குப் பிறகு பயிற்சிக்கு எடுத்துக்கொள்ள நல்ல ஆள்.

எழும்பூர் ஆவணக்காப்பகம்

1909இல் கட்டி முடித்த சிவப்புக் கட்டடம். அசல் ஏடுகள் வேண்டும் என்றால் இங்கேதான். ஆய்வு அனுமதி முன்கூட்டியே வாங்க வேண்டும். அடையாள அட்டை நகல், படிக்கும் அல்லது பணிபுரியும் நிறுவனத்தின் கடிதம், ஆய்வுத் தலைப்பு ஆகியவற்றோடு போங்கள். தலைப்பைக் குறுக்கிவிட்டால், அதற்கு வெளியே உள்ள ஏட்டைக் கேட்கும்போது இடறும், எனவே ஆண்டு வரம்பைச் சற்று அகலமாகவே எழுதுவது நல்லது. ஏடுகள் நொறுங்கும் நிலையில் இருந்தால் தரமாட்டார்கள். 17ஆம் நூற்றாண்டு ஏடுகளைக் கேட்பவர்கள் இந்த பதிலுக்குத் தயாராக இருக்க வேண்டும். அதே ஏடு அச்சில் வந்திருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிட்டுப் போனால் ஒரு நாள் மிஞ்சும்.

1746 முதல் 1749 வரை கோட்டை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்ததால் அதற்கு முந்தைய ஏடுகளில் ஓட்டைகள் உண்டு. சென்னையில் இல்லாத ஆண்டுக்கு லண்டனுக்குப் போன நகல் ஜி/19 வரிசையில் இருக்க வாய்ப்பு அதிகம்.

வெறும் குடும்ப ஆர்வத்தில் தேடுகிறவருக்கு எழும்பூர் தேவையில்லை என்பதே நம் தீர்ப்பு. கட்டுரை எழுதப்போகிறவருக்கு, அச்சுப் பதிப்பில் விடுபட்ட இணைப்புகளைச் சரிபார்க்க, தேவை.

கோட்டையும் கல்லறைகளும்

தலைமைச் செயலகம் இருக்கும் வளாகம் என்பதால் கோட்டை வாயிலில் சோதனை உண்டு, அடையாள அட்டை இல்லாமல் கிளம்ப வேண்டாம். தொல்லியல் துறையின் கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. தேவாலயத்தையும் அதையும் ஒரே நாளில் பார்க்க வேறு கிழமை பாருங்கள்.

தேவாலயத்தைச் சுற்றித் தரையில் பதிந்திருக்கும் கற்களைப் பார்க்க வெயில் சாய்ந்த நேரமே நல்லது. உச்சிவெயிலில் தேய்ந்த எழுத்து கண்ணுக்குத் தெரியாது, பக்கவாட்டு வெளிச்சத்தில் நிழல் விழுந்து எழும்பி நிற்கும். சுண்ணக்கட்டி, மாவு என்று எதையும் தேய்க்கக் கூடாது. இங்கே உள்ள எலிசபெத் பேக்கரின் 1652ஆம் ஆண்டுக் கல்தான் இந்தியாவிலுள்ள ஆங்கிலேயக் கல்லறைக் கற்களில் மிகப் பழையதாகச் சொல்லப்படுவது. ஒரு முக்கியமான எச்சரிக்கை: கல் இருக்கும் இடத்தில் ஆள் இல்லை. இவை கோட்டைக்கு வெளியே இருந்த பழைய இடுகாட்டிலிருந்து வந்தவை. 1758-59 பிரெஞ்சு முற்றுகையில் அந்த இடுகாட்டின் உயரமான சமாதிகள் எதிரிக்கு மறைவிடமாக இருந்ததால், பின்பு அவற்றை இடித்துக் கற்களை இங்கே கொண்டுவந்தார்கள். ஹைதர் அலி போரின்போது அதே கற்களின் மேல் பீரங்கி ஏற்றியதில் பல சிதைந்தன. உடைந்த கல்லில் பாதிப் பெயர்தான் இருக்கிறது என்றால் காட்டனின் பட்டியலில் தேடுங்கள்.

இடிக்காமல் விட்டவை இரண்டே இரண்டு. பௌனி குடும்பத்தின் நிலவறை ஒன்று. இன்னொன்று, ஜோசப் ஹின்மர்ஸும் சிறுவன் டேவிட் யேலும் ஒன்றாகக் கிடக்கும் உயரமான கூம்புச் சமாதி. அம்மாவின் முதல் கணவரும் இரண்டாம் கணவரின் மகனும் ஒரே கூரையின் கீழ். உயர் நீதிமன்றத்தை ஒட்டிய பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது. மெட்ரோவில் வந்தால் உயர் நீதிமன்ற நிலையத்தில் இறங்கலாம். அதை வேறிடத்துக்கு மாற்றும்படி 2023இல் உயர் நீதிமன்றத் தனி நீதிபதி உத்தரவிட்டு, விவகாரம் மேலே போனது. வளாகத்துக்குள் பார்வையாளருக்கு அனுமதி எப்படி என்பதைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள், நீதிமன்ற வேலை நாளில் நேராகப் போய் நின்றால் திருப்பி அனுப்பப்படலாம்.

உயில்களும் பொதுக் குடும்ப மரங்களும்

வெளிநாட்டில் இறந்து இங்கிலாந்தில் சொத்து வைத்திருந்தவர்களின் உயில்கள் கேன்டர்பரி நீதிமன்றத்தில் பதிவாயின. பிரிட்டிஷ் தேசிய ஆவணக்காப்பகத்தில் ப்ராப் 11 வரிசை, 1858 வரை. பெயர்த் தேடல் இலவசம். காசு செலவழிக்க ஓர் இடம் உண்டென்றால் இதுதான். ஓர் உயிலில் மனைவி, மக்கள், வளர்ப்புப் பிள்ளைகள், கடன்காரர், வேலையாள், சில சமயம் அடிமை வரை ஒரே பக்கத்தில் வருவார்கள். கையெழுத்து எழுத்தர்களுடையது, ஒரே சீரானது, முதல் பக்கம் பழகிவிட்டால் மீதி ஓடும்.

உறுப்பினர்கள் தாங்களே ஏற்றும் குடும்ப மரங்களை யேலைப் போன்ற பிரபலங்களுக்கு நம்பவே வேண்டாம். பல்கலைக்கழகப் பெயரோடு சொந்தம் கொண்டாட ஆசைப்படுகிறவர்கள் ஏராளம். மூன்று மகள்களில் இருவருக்குத்தான் கல்யாணம்: கேத்தரின் சஃபோக்கின் டட்லி நார்த்தை மணந்தார், ஆன் டெவன்ஷைர் பிரபுவின் மகன் ஜேம்ஸ் கேவண்டிஷை. திருமணத்தில் பிறந்த ஒரே மகன் டேவிட் பால்யத்திலேயே போய்விட்டான். ஆக எலிஹுவின் அதிகாரபூர்வக் குடும்பத்தில் நேர் ஆண்வழியில் யேல் என்ற பெயரோடு யாரும் இருக்க முடியாது. அப்படி ஒரு மரத்தைப் பார்த்தால் உடனே மூடிவிடலாம். பெரும்பாலும் அது நியூ ஹேவன் சித்தப்பா தாமஸின் கிளையாக இருக்கும், உண்மையான யேல்கள்தான், ஆனால் வேறு கிளை.